இரு சரிவுகளின் கட்டடம்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடையும் பயணி ஒரு மாநிலத்தின் எல்லையைக் கடப்பதாக எண்ணிக்கொள்வார். அதே இடத்தில் அவர் இன்னொரு எல்லையையும் கடக்கிறார். அது கூரைகளின் எல்லை.

மலையின் கிழக்குச் சரிவு மழைமறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவக்காற்று தன் பாரத்தையெல்லாம் மறுபுறம் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு இங்கே வந்து சேர்கிறது. எனவே போடி, தேனி வட்டாரத்தில் வசதியுள்ளவர்களின் பழைய வீடுகள் காரைவீடுகளாக அமைந்தன. செங்கல், சுண்ணாம்பு, மட்டமான மெத்தை, வெயிலைத் தடுக்கும் தடித்த சுவர். மேற்குச் சரிவில், ஏலத்தோட்டங்களின் நாட்டில், கூரை செங்குத்தாக இறங்கியாக வேண்டும். இறவாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீள வேண்டும். அங்கே வீட்டைக் கட்டியவர் கொத்தனார் என்பதைவிடத் தச்சர் என்பதே பொருத்தம். ஒருபுறம் சுண்ணாம்பின் நாடு. மறுபுறம் மரத்தின் நாடு. நடுவே ஏலமலை.

கிழக்குச் சரிவின் சுண்ணாம்பு மரபுக்குத் தலைநகரம் மதுரை. விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களின் வரிசையில் போடிநாயக்கனூரும் இடம்பெறுகிறது. போடி ஜமீன் அரண்மனையின் சுவரோவியங்கள் அந்த மரபின் ஒரு சிறு கிளை. மேற்குச் சரிவின் மர மரபுக்கு மிகச் சிறந்த சான்று, திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனை. மலைமுகட்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற இவ்விரு மரபுகளும் 1870களில் ஒரே மனிதரின் வரைபட மேசையில் சந்தித்தன. அச்சந்திப்பிலிருந்து பிறந்தவற்றுள் முதன்மையானது, மலையிலிருந்து வெகுதொலைவில், சென்னைக் கடற்கரையில் நிற்கும் பல்கலைக்கழகச் செனட் இல்லம்.

*

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் சட்டத்தால் நிறுவப்பட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றின. மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அதாவது அவை கற்பிக்கவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டன, தேர்வு நடத்தின, பட்டம் அளித்தன. வகுப்பறை தேவைப்படாத பல்கலைக்கழகத்துக்குக் கட்டடமும் அவசரமாகத் தேவைப்படவில்லை. அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். தனக்கென ஒரு மண்டபம்கூட இல்லாத காலத்தில், கடல் கடந்து வந்தவர்களுக்குப் பட்டம் அளித்தது அப்பல்கலைக்கழகம்.

ஆனால் தேர்வு எழுதுவோர் பெருகினர். பட்டமளிப்பு என்பது காகிதம் கொடுப்பது மட்டுமன்று, ஒரு சடங்கு. சடங்குக்கு மண்டபம் வேண்டும். 1864இல் அரசு கட்டட வடிவமைப்புப் போட்டி ஒன்றை அறிவித்தது. மாநிலக் கல்லூரிக்கும் செனட் இல்லத்துக்குமான வடிவங்கள் கோரப்பட்டன. பதினேழு வடிவங்கள் வந்துசேர்ந்தன. வென்றவர், அப்போது கல்கத்தாவில் இருந்த, இருபதுகளின் நடுவில் இருந்த ராபர்ட் ஃபெலோஸ் சிஸம் என்னும் ஆங்கிலேயர்.

சிஸம் சென்னைக்கு வந்து முதலில் கட்டியது மாநிலக் கல்லூரியை. 1870இல் எடின்பரோ கோமகன் அதைத் திறந்துவைத்தார். இன்றும் கடற்கரைச் சாலையில் அதைக் காணலாம். இத்தாலிய பாணியில் அமைந்த, கண்ணியமான, ஐரோப்பியக் கட்டடம் அது. செனட் இல்லத்தையும் உடனே கட்டத் தொடங்கியிருந்தால் அதுவும் ஓர் ஐரோப்பியக் கட்டடமாகவே எழுந்திருக்கக் கூடும். ஆனால் வேலை தொடங்கியது 1874 ஏப்ரலில். போட்டிக்கும் வேலைத் தொடக்கத்துக்கும் இடையில் பத்து ஆண்டுகள். அரசு அலுவலகங்களின் தாமதத்தால் நமக்கு விளைந்த நன்மைகளைப் பட்டியலிட்டால் அதில் இந்தப் பத்தாண்டுகளுக்கு முதலிடம் தரலாம்.

*

அப்பத்தாண்டுகளில் சிஸத்தை மாற்றியவற்றுள் மூன்று முக்கியமானவை.

ஒன்று, மதுரை. 1866 முதல் 1872 வரை சென்னையின் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழைய கட்டடங்களில் உண்மையான ஈடுபாடு கொண்டவர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கட்டிய மகால் அப்போது பாழடைந்துகொண்டிருந்தது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோதே அதன் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துச் சென்றுவிட்டார். எஞ்சியது ஒரு முற்றமும் சொர்க்க விலாசமும் நாடகசாலையும்தான். அதைப் பழுதுபார்க்க நேப்பியர் ஆணையிட்டார். பொறுப்பு சிஸத்திடம் வந்தது. 1870இல் சென்னையில் இந்தியாவின் நவீனக் கட்டடக்கலை குறித்து நேப்பியர் ஆற்றிய உரை, அரசின் புதிய கட்டடங்கள் இந்நாட்டு வடிவங்களைத் தழுவ வேண்டும் என்ற கட்சியை வெளிப்படையாகவே எடுத்தது.

ஒரு கட்டடத்தைப் பார்ப்பது வேறு, பழுதுபார்ப்பது வேறு. பார்ப்பவருக்கு வளைவு தெரியும். பழுதுபார்ப்பவருக்கு வளைவுக்குள் இருக்கும் செங்கல்லின் அடுக்கு தெரியும். சொர்க்க விலாசத்தின் நடுக்கூடத்துக் குவிமாடம் இரும்போ மரமோ தாங்காமல் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டுமே நிற்பதை, சாரத்தின் மேல் ஏறி அருகிலிருந்து கண்ட பின்பு, தூண்களின் மேல் உத்தரம் வைக்கும் ஐரோப்பியப் பாடநூல் அவருக்குப் போதாததாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

இரண்டு, திருவிதாங்கூர். 1870களின் தொடக்கத்தில் சிஸம் பத்மநாபபுரம் அரண்மனையை ஆராய்ந்தார். அங்கே அவர் கண்டது தச்சரின் உலகம். சரிந்த கூரைகள், செதுக்கிய முகப்புகள், காற்றை அனுமதித்து வெயிலையும் மழையையும் மறுக்கும் மரச் சட்டங்கள். ஆனால் கவனித்துப் பார்த்தால் அங்கும் சுண்ணாம்பு உண்டு. அவ்வரண்மனையின் புகழ்பெற்ற கரிய தரை, சுண்ணாம்போடு தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் செடிச்சாறுகளும் சேர்த்து மெருகேற்றியது என்பார்கள். மலையின் இருபுறமும் கூரைகள் வேறானாலும் கைகள் அறிந்த ரசவாதம் ஒன்றுதான்.

மூன்று, சேப்பாக்கம். செனட் இல்லத்துக்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1760களில் கட்டப்பட்ட அரண்மனை இருந்தது. அதன் இரு பகுதிகளையும் வருவாய்த்துறைக்காக இணைத்துக் கோபுரம் எழுப்பியவரும் சிஸமே. அண்டை வீட்டாரைப் புறக்கணித்து ஒரு வீடு கட்ட முடியாது என்ற எளிய பாடத்தை அந்த வேலை அவருக்குக் கற்றுத்தந்திருக்கும்.

*

செனட் இல்லம் 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. செங்கல் உடல். நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய கோபுரங்கள். வடக்கிலும் தெற்கிலும் முகமண்டபங்கள். அவற்றின் கருங்கல் தூண்களின் தலைப்பகுதியில் மனித, விலங்கு உருவங்கள். நீண்ட பக்கங்களில் வளைவுகள் வரிசையாக நிற்கும் தாழ்வாரங்கள். நடுவே மண்டபம், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், ஓவிய வேலை கொண்ட விதானம். பைசாந்தியமும் முகலாயமும் நாயக்கர் மரபும் கலந்த இப்பாணியை இந்தோ-சாரசெனிக் என்கிறார்கள். அதன் தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளுள் சிறந்த ஒன்றாக இக்கட்டடத்தைக் கட்டடக்கலை வரலாறு கொள்கிறது.

அழகை ஒதுக்கிவிட்டு இதன் பயனை மட்டும் பார்ப்போம். சென்னையின் கோடையில், மின்விசிறி இல்லாத காலத்தில், நூற்றுக்கணக்கானோர் கூடும் மண்டபம் இது. தாழ்வாரங்கள் மண்டபத்தின் சுவரில் நேர் வெயில் படாமல் காக்கின்றன. உயர்ந்த கூரை சூட்டை மேலே வைத்துக்கொள்கிறது. மேல் வரிசைத் திறப்புகள் அதை வெளியேற்றுகின்றன. கடற்காற்று வளைவுகள் வழியே உள்ளே வருகிறது. மகாலின் முற்றமும் பத்மநாபபுரத்தின் அழிச்சன்னலும் தத்தம் மொழியில் சொன்னதையே இக்கட்டடம் மூன்றாவது மொழியில் சொல்கிறது.

மேற்குச் சரிவின் பங்கை இன்னும் வெளிப்படையாகக் காண விரும்புவோர் திருவனந்தபுரம் செல்ல வேண்டும். அங்குள்ள நேப்பியர் அருங்காட்சியகமும் சிஸத்தின் வடிவமைப்பே. செனட் இல்லம் எழுந்த அதே ஆண்டுகளில் எழுந்து 1880இல் நிறைவுற்றது. செனட் இல்லத்தில் குவிமாடம் நிற்கும் இடத்தில் அங்கே கேரளத்துச் சரிகூரைகள் நிற்கின்றன. ஒரே மனிதர், ஒரே காலம். ஆனால் மலையின் இந்தப்புறம் சுண்ணாம்பிலும் அந்தப்புறம் மரத்திலும் சிந்தித்திருக்கிறார். பின்னர்ச் சென்னையின் தலைமை அஞ்சலகத்திலும் விக்டோரியா பொது மண்டபத்தின் கோபுரத்திலும் திருவிதாங்கூர்க் கூரையைக் கடற்கரைப் பட்டினத்துக்கே கொண்டுவந்தார்.

*

இந்த இடத்தில் இரு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

முதலாவது அரசியல். இந்திய வடிவங்களின் மேல் ஆங்கில அரசுக்கு ஏன் இந்தத் திடீர்ப் பற்று? பல்கலைக்கழகம் பிறந்த 1857, பெருங்கிளர்ச்சியின் ஆண்டும்கூட. அதற்குப் பின் ஆங்கிலேயர் தம்மை வணிகக் கும்பினியின் வாரிசுகளாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. முகலாயருக்கும் நாயக்கருக்கும் நவாபுக்கும் பின்வந்த இயல்பான அரசராகத் தோன்ற விரும்பினர். குவிமாடம் அந்த விருப்பத்துக்கு வசதியான உடையாக இருந்தது. திருமலை நாயக்கர் மகாலைக்கூட 'சாரசெனிக்' என்று வகைப்படுத்தியது அவர்கள் வசதிக்கேற்ற வாசிப்புதான். இதை மறைத்துவிட்டுச் செனட் இல்லத்தை வியப்பது குழந்தைத்தனம். இதை மட்டுமே சொல்லிவிட்டுக் கட்டடத்தைப் பாராமல் போவதும் அப்படித்தான். 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை, தேர்தலில் வென்ற சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது இதே மண்டபத்தில். பேரரசின் கம்பீரத்துக்கெனக் கட்டிய கூரையின் கீழே மக்களின் பிரதிநிதிகள் வாதாடினார்கள். கட்டியவரின் நோக்கத்தோடு ஒரு கட்டடத்தின் பொருள் முடிந்துவிடுவதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. இதைக் கட்டியவர் யார்?

சிஸம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அவர் வரைந்தார், மேற்பார்த்தார். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். கட்டடம் வரைபவர் கைவினைஞரோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும் என்று 1880களில் லண்டனின் கட்டடக்கலைஞர் சங்கத்தில் வாதிட்டவர் அவர். ஆகவே அவர் மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சுவரை எழுப்பிய, வளைவைத் திருப்பிய, தூணின் தலையில் விலங்கைச் செதுக்கிய கைகளின் பெயர்கள் நம்மிடம் இல்லை. சென்னையில் ஓர் இந்தியக் கட்டுநரின் பெயர் கட்டடத்தோடு சேர்த்து நினைக்கப்பட, 1892இல் முடிந்த உயர்நீதிமன்றத்தின் நம்பெருமாள் செட்டியார் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகாலை ஓர் இத்தாலியர் கட்டியதாக ஒரு கதை. சேப்பாக்கம் பால் பென்ஃபீல்டு கட்டியது. செனட் இல்லம் சிஸம் கட்டியது. மூன்று நூற்றாண்டுகளின் கட்டடங்கள், மூன்று ஐரோப்பியப் பெயர்கள். நடுவில் இருந்த ஆயிரக்கணக்கானோர் வெறும் 'கூலி' என்ற கணக்குத் தலைப்பில் அடங்கிவிட்டார்கள்.

பெயர் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய அறிவும் கூடவே போனதுதான் இழப்பு. மெட்ராஸ் சுண்ணம் என்று ஐரோப்பியர் வியந்த அந்தப் பூச்சைக் கருதுங்கள். கடற்சிப்பியைச் சுட்டு நீற்றி, அரைத்து, கருப்பட்டிநீரும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துப் புளிக்கவைத்து, மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் தயிரும் நெய்யும் கலந்து, வழுவழுப்பான கல்லால் பலநாள் தேய்த்துப் பளிங்கின் ஒளியை வரவழைப்பார்கள். எந்த நீருக்கு எவ்வளவு, எந்தக் கோடைக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்த அளவைகள்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றாமல் இராது. செனட் இல்லம் முடிந்த மறு ஆண்டான 1880இல்தான் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சிந்தாமணியின் ஏடு அவர் கைக்கு வந்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியான தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பும் அதே 1887தான். கரையான் தின்ன இருந்த சொற்களை இருவர் வீடு வீடாகச் சென்று மீட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கொத்தனாரின் அறிவு அவர் சாவோடு சேர்ந்து மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிற்ப நூல்களை வைத்து ராம் ராஸ் எழுதிய நூல் 1834இலேயே லண்டனில் அச்சானது உண்மைதான். ஆனால் அது கோயிலின் இலக்கணம். சுண்ணாம்பைக் குழைத்தவரின் இலக்கணத்துக்கு ஓலைச்சுவடி இல்லை. ஆகவே அதற்கொரு பதிப்பாசிரியரும் வாய்க்கவில்லை.

*

இந்த இழப்புக்கான விலை ஒரு நூற்றாண்டு கழித்துக் கேட்கப்பட்டது. புதிய அரங்குகள் வந்தபின் செனட் இல்லம் மெல்ல மெல்லப் புறக்கணிக்கப்பட்டது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றிய பிறகு, போடி வட்டாரத்து மாணவர்களின் பட்டத்துக்கும் இம்மண்டபத்துக்கும் இருந்த தொடர்பும் அறுந்தது. கட்டடத்தில் ஈரம் ஏறியது, பூச்சு உதிர்ந்தது, குருவிகளும் புறாக்களும் குடியேறின. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டு நெருங்கிய வேளையில்தான் அதை மீட்டெடுக்கும் வேலை முறையாக நடந்தது.

பழைய சுண்ணாம்புச் சுவரை மீட்பது எளிதன்று. சுண்ணாம்பு மூச்சுவிடும். உள்ளே புகுந்த ஈரத்தை அது மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பாகப் பூத்து, செங்கல்லைத் தின்னத் தொடங்கும். பழுதுபார்ப்பதாக எண்ணிக்கொண்டு நம் கோயில்களிலும் அரண்மனைகளிலும் நாம் செய்துவரும் கொடுமை இதுதான். ஆக, சுண்ணாம்புக் கட்டடத்தை மீட்க முதலில் சுண்ணாம்பு அறிந்த கைகளை மீட்டாக வேண்டும். அக்கைகள் அருகிவிட்டன. சிஸம் மதுரைக்குச் சென்றபோது, மகால் சிதைந்திருந்தாலும் மகாலைக் கட்டத் தெரிந்தவர்களின் வழிவந்தோர் உயிரோடு இருந்தார்கள். நாம் செனட் இல்லத்துக்குச் சென்றபோது கட்டடம் நின்றது, கட்டத் தெரிந்தவர்கள்தாம் குறைந்துபோயிருந்தார்கள்.

சிஸம் பிறகு பரோடா சென்றார். அங்கும் ஒரு கல்லூரியைக் கட்டி அதன் மேல் பெருங்குவிமாடம் ஒன்றை ஏற்றினார். முதுமையில் லண்டன் திரும்பி, 1907இல் ஸ்லோன் தெருவின் அருகே பைசாந்தியச் சாயல் கொண்ட தேவாலயம் ஒன்றைக் கட்டினார். இன்று அது கடோகன் மண்டபம் என்னும் இசையரங்கம். 1915இல் மறைந்தார். அவரைப் பொறுத்தவரை கிழக்கின் பாடம் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது.

நாம்தான் அதைத் தொடரவில்லை. இன்று போடிமெட்டின் இருபுறமும் எழும் வீடுகள் ஒன்றே. கான்கிரீட் தூண், கான்கிரீட் தளம், பெட்டி வடிவம். கிழக்கே அது கோடையில் அடுப்பாகக் காய்கிறது. மேற்கே மழையில் ஒழுகுகிறது, ஒழுகும் தளத்தின் மேல் சில ஆண்டுகளில் சரிவான தகரக் கூரை ஒன்று ஏற்றப்படுகிறது. மேற்குச் சரிவு தன் பழைய பாடத்தைத் தகரத்திலாவது திரும்பச் சொல்லிப் பார்க்கிறது. 1870களில் ஓர் அந்நியர் இம்மலையின் இரு பக்கங்களிலிருந்தும் கற்றுக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் தந்தார். அவருக்குக் கற்பித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அப்பாடத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பது என்பதே இனி நாம் விடை தேட வேண்டிய கேள்வி. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த முதியவர் ஒருவராவது நம் ஊர்களில் எஞ்சியிருக்கும்போதே அவர் முன் ஒரு மாணவரை உட்காரவைத்தால், அக்கேள்விக்கான விடை தொடங்கிவிடும்.